விமானிகளின் கட்டாய ஓய்வு வயது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பயிற்சியில் சேர நினைக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஓய்வு வயதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டுவந்த ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் சில, முன்னால் சொன்னவற்றை நம்பி எழுதப்பட்டவை. ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

விமானிக்கு எத்தனை வயதில் ஓய்வு? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

பயணிகளையோ சரக்கையோ கட்டணத்துக்கு ஏற்றிச் செல்லும் விமானத்தை இரண்டு விமானிகள் சேர்ந்து ஓட்டும்போது, அவர்களில் எவரும் 65 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது என்பதே இன்றைய பன்னாட்டு விதி. ஒரே விமானி ஓட்டும் வணிக விமானமாக இருந்தால் வரம்பு 60. இந்த விதியை வகுத்தது மான்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்ட இகாவோ என்னும் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. 1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தத்தால் உருவான அமைப்பு இது.

இகாவோ வகுப்பது நாடுகளுக்கான தரநிலை மட்டுமே. அதைச் சட்டமாக்குவது அந்தந்த நாட்டின் வேலை. இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் இந்த வரம்பு இடம்பெற்றுள்ளது. அதை நடைமுறைப்படுத்துவது டிஜிசிஏ என்று நாம் சொல்லும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்.

பிறந்தநாள் வந்த அன்றே உரிமம் செல்லாமல் போய்விடுமா?

உரிமம் செல்லும். கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வேலைதான் முடிகிறது. 65 தாண்டியவர் மருத்துவத் தகுதி இருக்கும்வரை சொந்த விமானத்தை ஓட்டலாம், சிமுலேட்டரில் (தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் கருவி) பயிற்சி தரலாம், தேர்வாளராகவும் இருக்கலாம். பயணிகள் இல்லாத வெற்று விமானத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைச் செய்ய, ஐரோப்பிய நீதிமன்றமே 2017இல் வழிவிட்டிருக்கிறது. அந்த வழக்கைப் பின்னால் பார்ப்போம்.

ஏர் இந்தியாவில் 58 என்றார்கள், பிறகு 60 என்றார்கள், இப்போது 65 என்கிறார்கள். எது சரி?

மூன்றுமே வெவ்வேறு காலத்தில் சரி. இங்கே இரண்டு வயதுகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, சட்டம் விதிக்கும் மேல்வரம்பு. மற்றொன்று, நிறுவனம் தன் பணி விதிகளில் எழுதிக்கொள்ளும் ஓய்வு வயது. இந்தியாவில் நிறுவனம் சட்ட வரம்புக்குக் கீழே எந்த வயதையும் வைத்துக்கொள்ளலாம். மேலே போக முடியாது. ஏர் இந்தியா நீண்ட காலம் கீழேயே இருந்தது. ஓய்வுபெற்றவர்களை ஒப்பந்த அடிப்படையில் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. டாட்டா குழுமத்தின் கைக்கு வந்தபின், 2025 ஆகஸ்டில் விமானிகளுக்கான ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தியது. நிறுவனம் தன் விதியைத் திருத்தியதே அது. இந்தியச் சட்டத்தின் வரம்பில் எந்த மாற்றமும் இல்லை.

முதலில் 60 என்ற எண் எங்கிருந்து வந்தது? மருத்துவர்கள் சொன்னதா?

இந்த விவாதத்தில் மிகவும் சுவையான பகுதி இதுதான். 1950களின் இறுதியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தன் விமானிகளை 60 வயதில் வீட்டுக்கு அனுப்ப முயன்றது. அப்போது அந்த நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. விமானிகள் சங்கமான ஏ.எல்.பி.ஏ. எதிர்த்து நின்றது, நடுவர் தீர்ப்பும் விமானிகளின் பக்கம் வந்தது. நிறுவனத்தின் தலைவர் சி. ஆர். ஸ்மித் 1959இன் தொடக்கத்தில், புதிதாகத் தோன்றியிருந்த எஃப்.ஏ.ஏ. என்னும் மத்திய விமானப் போக்குவரத்து முகமையின் தலைவர் எல்வுட் கெசாடாவுக்குக் கடிதம் எழுதி, 60 என்பதை அரசே விதியாக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் விதி வெளியானது. 1960 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. கெசாடா பதவியை விட்டபின் அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் இயக்குநர் குழுவில் இடம்பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அரசு சொன்ன காரணம் வேறு. போயிங் 707 போன்ற ஜெட் விமானங்கள் அப்போதுதான் வந்திருந்தன. வயதாக ஆக மாரடைப்பும் பக்கவாதமும் திடீரென வரும் வாய்ப்பு கூடுகிறது, யாருக்கு எப்போது வரும் என்று அன்றைய மருத்துவத்தால் சொல்ல முடியவில்லை, எனவே எல்லோருக்கும் ஒரே வயது என்று வாதிட்டார்கள். வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 58 ஏன் இல்லை, 62 ஏன் இல்லை என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஒரு நிறுவனத்தின் பணி விதியில் ஏற்கெனவே இருந்த எண் சட்டத்துக்குள் நுழைந்து, பிறகு உலகத்துக்கே பொதுவாகிப் போனது என்பதுதான் என் வாசிப்பு.

பிறகு 60 எப்படி 65 ஆனது?

இகாவோ 2006 நவம்பரில் வரம்பை 65 ஆக உயர்த்தியது. ஒரு நிபந்தனையும் சேர்த்தது: ஒருவர் 60ஐத் தாண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் 60க்குக் கீழே இருக்க வேண்டும். இந்த நிபந்தனை 2014 நவம்பரில் நீக்கப்பட்டது.

அமெரிக்கா ஓராண்டு காலம் பழைய விதியிலேயே நின்றது. விளைவு விசித்திரமானது. அயல்நாட்டு நிறுவனத்தின் 62 வயது கேப்டன் தன் விமானத்தை நியூயார்க்கில் கொண்டுவந்து இறக்கலாம். அதே வயதுள்ள அமெரிக்கரால் தன் ஊரில் தன் நிறுவனத்தின் விமானத்தை ஓட்ட முடியாது. இதோடு ஓய்வூதியச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2001க்குப் பிறகு பல நிறுவனங்கள் திவால் நடைமுறைக்குப் போயின. யுனைடெட் 2005இல் தன் ஓய்வூதியத் திட்டங்களையே கைவிட்டது. அரசின் ஓய்வூதிய உத்தரவாதக் கழகம் அவற்றை ஏற்றுக்கொண்டாலும், அது தரும் உச்சத் தொகை 65 வயதில் ஓய்வுபெறுபவரைக் கணக்கில் கொண்டது; முன்னதாகப் போகிறவருக்குக் குறையும். சட்டமே 60இல் வெளியே அனுப்பிவிட்டு, சீக்கிரம் வந்தாய் என்று தொகையைக் குறைத்தால் யார்தான் பொறுப்பார்கள்? பல ஆண்டுகளாக 60ஐ ஆதரித்து வந்த ஏ.எல்.பி.ஏ. 2007இல் நிலையை மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் வரம்பை 65 ஆக்கியது. முன்பே 60ஐத் தாண்டி வெளியேறியிருந்தவர்கள் திரும்ப வர வேண்டுமானால், பணிமூப்பு எதுவும் இல்லாத புதியவர்களாகத்தான் சேர வேண்டியிருந்தது.

விமானத்தில் இரண்டு பேர் இருக்கிறார்களே, ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் மற்றவர் ஓட்டமாட்டாரா?

ஓட்டுவார். அவர் ஓட்டுவார் என்ற கணக்கின் மேல்தான் விமான மருத்துவம் பெரும்பாலும் நிற்கிறது. ‘ஒரு சதவீத விதி’ என்று அதைச் சொல்வார்கள். ஒரு விமானி அடுத்த ஓராண்டுக்குள் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம், தோராயமாகப் பத்தாயிரம். ஆக ஒரு மணி நேரத்தில் அது நடக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. பறக்கும் நேரத்தில் புறப்படுதலும் தரையிறங்குதலுமாக ஆபத்தான கட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தக் கட்டத்திலேயே ஒருவர் சாய்ந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை மற்றவர் விமானத்தைக் காப்பாற்றிவிடுவார் என்று சிமுலேட்டர் சோதனைகளிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். பெருக்கினால் நூறு கோடி மணி நேரத்துக்கு ஒரு விபத்து. இந்த அளவை ஏற்கலாம் என்பதே விதியின் சாரம்.

எனவே ஒரு விமானியின் ஆபத்து ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதே மருத்துவர்கள் கேட்கும் கேள்வி. பிரிட்டனில் 2004ஆம் ஆண்டு சுமார் 16,000 தொழில்முறை விமானிகளை வைத்துப் பார்த்ததில் செயலிழப்பு விகிதம் ஆண்டுக்கு 0.25 சதவீதம். அதே ஆய்வில், அறுபதுகளில் இருக்கும் ஆண் விமானிக்கு நாற்பதுகளில் இருப்பவரைப்போல் ஐந்து மடங்கு ஆபத்து என்றும் தெரிந்தது. வயதை உயர்த்தச் சொல்பவர்கள் முதல் எண்ணைக் காட்டுகிறார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டாவதைக் காட்டுகிறார்கள். இரண்டும் ஒரே ஆய்வு.

கேப்டன் நடுவானில் இறந்துபோனது நிஜமாகவே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2009 ஜூனில் பிரஸ்ஸல்ஸிலிருந்து நெவார்க் சென்ற கான்டினென்டல் விமானத்தின் 60 வயதுக் கேப்டன் அட்லாண்டிக் மேல் இறந்தார். 2024 அக்டோபரில் சியாட்டிலிலிருந்து இஸ்தான்புல் கிளம்பிய டர்கிஷ் ஏர்லைன்ஸ் கேப்டன் 59 வயதில் இறந்தார். விமானம் நியூயார்க்கில் இறக்கப்பட்டது. இரண்டிலும் பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விபத்தில் முடிந்தவையும் உண்டு. 1966இல் ஓக்லஹோமாவின் ஆர்ட்மோர் அருகே 83 பேர் இறந்த விபத்தில் கேப்டனுக்கு மாரடைப்பு. அவர் தன் இதய நோயை மருத்துவப் படிவங்களில் மறைத்திருந்தார், வயது 59. 1972இல் லண்டன் அருகே ஸ்டெய்ன்ஸில் 118 பேரும் இறந்த டிரைடென்ட் விபத்தில், 51 வயதுக் கேப்டனுக்கு இதய நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது. இருவருமே அன்றைய 60 என்ற வரம்புக்குக் கீழே இருந்தவர்கள். வயது வரம்பு அவர்களைத் தடுத்திருக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: செயலிழப்பு என்றாலே மாரடைப்பு என்று நினைக்கிறோம். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2007இல் தன் பதிவேடுகளை அலசியபோது, அதிகம் தென்பட்ட காரணம் வயிற்றுக் கோளாறு. விமானிகள் இருவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது என்று நிறுவனங்கள் வைத்திருக்கும் விதி வெறும் சம்பிரதாயம் அல்ல.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெடிக்கல் பார்க்கிறார்கள். பாஸ் ஆனவரை ஓட்டவிட வேண்டியதுதானே?

எனக்கு வரும் கேள்விகளில் மிக நியாயமானது இது. 60ஐத் தாண்டிய வணிக விமானிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு; இ.சி.ஜி., ரத்த அழுத்தம், பார்வை, செவித்திறன் எல்லாம் பார்க்கிறார்கள். ஏறக்குறைய அதே இடைவெளியில் சிமுலேட்டர் தேர்வும் உண்டு. இதயத்தைப் பொறுத்தவரை 1959இல் சொன்ன ‘மருத்துவத்தால் கணிக்க முடியாது’ என்ற வாதம் இன்று பெருமளவு வலுவிழந்துவிட்டது.

ஆனால் மூளையின் வேகத்தை இந்தப் பரிசோதனைகள் அளப்பதில்லை. புதிய தகவலை உள்வாங்கும் வேகம், இரண்டு மூன்று வேலைகளை ஒரே சமயத்தில் மனத்தில் வைத்திருக்கும் திறன், இரவு முழுதும் விழித்தபின் தெளிவாக முடிவெடுக்கும் ஆற்றல் ஆகியவை வயதோடு குறைகின்றன. எவ்வளவு குறைகின்றன என்பது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுகிறது. சிமுலேட்டர் தேர்வில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் பலமுறை பழகியவை; நீண்ட அனுபவம் உள்ளவர் பழக்கத்தாலேயே அவற்றைக் கடந்துவிடுவார். விமானிகளுக்கென்று உருவாக்கப்பட்ட கோக்ஸ்கிரீன் என்ற கணினித் தேர்வு இருக்கிறது. அமெரிக்காவில் அதைச் சந்தேகம் எழுந்தவர்களுக்குக் கொடுக்கிறார்களே தவிர, எல்லோருக்கும் கட்டாயமாக்கவில்லை. எத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் ஒருவர் ஓட்டக் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கோடு கிடையாது.

என் கருத்தில் 65 என்ற எண்ணின் உண்மையான வேலை இதுதான்: ஆளைப் பார்த்து அளக்க நம்மிடம் இன்னும் கருவி இல்லாததால், பிறந்த தேதியைக் கருவியாக வைத்திருக்கிறோம். அந்தக் கருவி வரும்வரை ஏதோ ஓர் எண் தேவை என்பதை ஏற்கிறேன். அந்த எண் 65தான் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாகச் சொல்வதை ஏற்கவில்லை.

அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே? ஹட்சன் ஆற்றில் இறக்கியவரும் வயதானவர்தானே?

2009 ஜனவரி 15 அன்று இரண்டு இயந்திரங்களும் நின்றுபோன ஏர்பஸ் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய செஸ்லி சல்லன்பெர்கருக்கு அப்போது 57 வயது. 1989இல் கட்டுப்பாடுகள் எல்லாம் போன டிசி-10 விமானத்தை ஐயோவாவின் சூ சிட்டிவரை கொண்டுவந்த ஆல் ஹெய்ன்ஸுக்கும் 57. அனுபவத்தின் மதிப்புக்கு இவை நல்ல சாட்சி. 66 வயதில் ஒருவர் எப்படி இருப்பார் என்பதற்கு இவை சாட்சி ஆகாது. இருவருமே பழைய 60 வயது வரம்பைக்கூட எட்டாதவர்கள்.

இந்தக் கேள்விக்குச் சற்று நெருங்கிய விடை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் கிடைக்கிறது. 40 முதல் 69 வயது வரையிலான 118 விமானிகளை மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதித்தார்கள். தொடக்கத்தில் மூத்தவர்கள் இளையவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களின் திறன் இளையவர்களின் அளவுக்குச் சரியவில்லை; எதிரே வரும் விமானத்திலிருந்து விலகிச் செல்வதில் மேம்பாடுகூடத் தெரிந்தது. உயர்ந்த தகுதிச் சான்றுகள் பெற்றிருந்தவர்கள் எல்லா வயதிலும் நன்றாகச் செய்தார்கள். ஆனால் இவர்கள் பெரிய ஜெட் விமானங்களை இரவு பகலாக ஓட்டுபவர்கள் அல்லர் என்பதால், இந்த முடிவை அப்படியே கேப்டன்கள்மேல் ஏற்றிவிட முடியாது.

அமெரிக்காவில் 67 ஆக்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

ஆக்கவில்லை. 2023 ஜூலையில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதாவில் 67 இருந்தது. 2024 பிப்ரவரியில் செனட்டின் வணிகக் குழு 14க்கு 13 என்ற வாக்கில் அதை நிராகரித்தது. அதே சமயத்தில் எஃப்.ஏ.ஏ.வும், ஆய்வு செய்யாமல் வரம்பை உயர்த்த வேண்டாம் என்று கூறியது. 2024 மே மாதம் சட்டமான இறுதி வடிவத்தில் 67 இல்லை. செய்தியின் முதல் பாதி மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு நாடு தனியாக 67 என்று வைத்துக்கொண்டால் யார் தடுக்க முடியும்?

தன் எல்லைக்குள் யாரும் தடுக்க முடியாது. ஜப்பான் 2015இல் வரம்பை 67 வரை உயர்த்தியது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் உரிமத்துக்கு மேல்வரம்பே வைக்கவில்லை. சிக்கல் எல்லையைக் கடக்கும்போது வருகிறது. சிகாகோ ஒப்பந்தத்தின் 39, 40ஆம் பிரிவுகளின்படி, பன்னாட்டுத் தரநிலைக்கு முழுமையாகப் பொருந்தாத உரிமம் உள்ளவர், தான் நுழையும் நாட்டின் அனுமதி இல்லாமல் அங்கே பறக்க முடியாது.

இதனால் என்ன ஆகும் என்பதற்குக் குவான்டஸ் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜான் கிறிஸ்டி என்ற 747 கேப்டனுக்கு 1994இல் 60 வயது நிறைந்தது. ஆஸ்திரேலியச் சட்டப்படி அவர் தொடர்ந்து ஓட்டலாம். ஆனால் மற்ற நாடுகள் 60ஐத் தாண்டியவரை அனுமதிக்காததால், டென்பசார், ஃபிஜி, நியூசிலாந்து போன்ற சில இடங்களுக்கு மட்டுமே அவரை அனுப்ப முடிந்தது. பறக்கும் பணிகளைப் பணிமூப்புப்படி தேர்ந்தெடுக்கும் முறையில் அவருக்கென்று அந்தத் தடங்களை ஒதுக்கி வைக்க முடியாது என்று நிறுவனம் சொன்னது. 1998இல் உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் இருந்தும் அவர் தோற்றதற்குக் காரணம் அவருடைய உடல்நிலை அல்ல, உலக வரைபடம்.

விமானிகள் சங்கமே வயதை உயர்த்த வேண்டாம் என்கிறதே, அது எப்படி?

விமான நிறுவனங்களில் எல்லாமே பணிமூப்பு வரிசைதான்: எந்த விமானம், எந்தத் தடம், எந்த நாள் விடுப்பு, எப்போது கேப்டன் ஆவது. மேலே ஒருவர் நகர்ந்தால்தான் கீழே உள்ள அனைவரும் ஓர் இடம் ஏற முடியும். 2007இல் வரம்பு உயர்ந்ததும், அதையடுத்து 2008இன் பொருளாதாரச் சரிவும் வந்ததால், அன்றைய இளம் விமானிகள் பலர் ஆண்டுக்கணக்கில் அதே இருக்கையில் தேங்கினார்கள். வேலை இழந்தவர்களும் உண்டு. அவர்களில் பலர் இன்று நடுவயதில் சங்கத்தின் பெரும்பான்மையாக இருக்கிறார்கள்.

நலன் சார்ந்த காரணம் என்பதால் அதை இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை. வயதை உயர்த்தச் சொல்லும் மூத்தவர்களின் காரணமும் நலன் சார்ந்ததே, ஏனெனில் கடைசி இரண்டு ஆண்டுகள்தான் வாழ்நாளிலேயே சம்பளம் மிக அதிகமாக இருக்கும் ஆண்டுகள். இரு தரப்பும் பாதுகாப்பு என்ற சொல்லையே முன்வைக்கின்றன. சங்கத்தின் வாதத்தில் நடைமுறை சார்ந்த ஒரு பகுதி வலுவானது. 65ஐத் தாண்டுபவர்கள் பெரும்பாலும் பெரிய விமானங்களில் வெளிநாடு செல்பவர்கள். முந்தைய பதிலில் சொன்ன காரணத்தால் அவர்கள் உள்நாட்டுத் தடத்துக்கு இறங்க வேண்டும்; அதற்கு வேறு வகை விமானத்தில் மறுபயிற்சி வேண்டும்; அவர்கள் வந்து உட்காரும் இடத்தில் இருப்பவர் நகர வேண்டும், அவருக்கும் பயிற்சி வேண்டும்.

விமானிகள் பற்றாக்குறை என்கிறார்கள். இரண்டு வருஷம் கூட்டினால் தீர்ந்துவிடாதா?

சிறிது காலம் தள்ளிப்போகும். உயர்த்திய இரண்டு ஆண்டுகளுக்கு ஓய்வுபெறுவோர் குறைவார்கள். மூன்றாம் ஆண்டு பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். அமெரிக்காவில் 67ஐக் கேட்டவர்களில் சிறு நகரங்களை இணைக்கும் பிராந்திய நிறுவனங்கள் முன்னணியில் நின்றன. அங்கே பற்றாக்குறை கேப்டன்களுக்குத்தான். நுழைவதற்கே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது 2009இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் விபத்துக்குப் பின் வந்த விதி. இதில் ஒரு முரணும் உண்டு: 2020இல் கொரோனாவின்போது பெரிய நிறுவனங்கள் மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பின. இரண்டே ஆண்டுகளில் ஆள் இல்லை என்ற குரல் எழுந்தது.

இது அப்பட்டமான வயதுப் பாகுபாடு இல்லையா? நீதிமன்றம் ஒத்துக்கொள்கிறதா?

ஐரோப்பிய நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் சட்டத்தின் போக்கு புரியும். 2011இல் வந்த பிரிக்கே வழக்கில், லுஃப்தான்ஸா ஊழியர் ஒப்பந்தத்தில் இருந்த 60 வயது வரம்பு செல்லாது என்றார்கள். சட்டமே 65 வரை பாதுகாப்பு என்று ஏற்றிருக்கும்போது நிறுவனமும் சங்கமும் சேர்ந்து அதைக் குறைக்க முடியாது என்பது காரணம். 2017இல் வந்த ஃப்ரீஸ் வழக்கில், சட்டத்தின் 65 வரம்பு செல்லும் என்றார்கள். பன்னாட்டு விதிகளோடு ஒத்திருப்பது அதற்கு முக்கிய ஆதாரமாக இருந்தது. வெற்று விமானம் ஓட்டுவதற்கும் பயிற்சி தருவதற்கும் அந்த வரம்பு பொருந்தாது என்று அதே தீர்ப்பு சொன்னது.

அமெரிக்காவிலும் 1985இல் இதே போன்ற கோடு கிழிக்கப்பட்டது. விமானி அறையில் மூன்று இருக்கைகள் இருந்த அன்றைய விமானங்களில் பொறியாளர் இருக்கைக்கு 60 வயது விதி பொருந்தாது. ஆனாலும் வெஸ்டர்ன் ஏர்லைன்ஸ் அவர்களையும் 60இல் அனுப்பியது. பாதுகாப்பு என்று வாயால் சொன்னால் போதாது, அந்த வேலைக்கு அந்த வயது உண்மையிலேயே தடை என்று காட்ட வேண்டும் என்று கூறி உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆக, நீதிமன்றங்கள் வயதை வைத்து வரம்பு போடுவதை ஏற்கின்றன. யார் போட்டது, எந்த வேலைக்குப் போட்டது என்பதைத்தான் உற்றுப் பார்க்கின்றன.

எண்பது வயதில் நாட்டையே ஆளுகிறார்கள். 66 வயதில் விமானம் ஓட்டக் கூடாதா?

கேட்க நன்றாக இருக்கும் கேள்வி. ஆட்சியில் இருப்பவர் நாளைக்கு முடிவு செய்கிறேன் என்று சொல்லலாம். தரையிறங்க முப்பது விநாடி இருக்கும்போது விமானி அப்படிச் சொல்ல முடியாது. நம் நாட்டிலேயே உயர் நீதிமன்ற நீதிபதிகள் 62இலும் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 65இலும் ஓய்வுபெறுகிறார்கள்; அங்கே யாரும் சிமுலேட்டரில் ஏறுவதில்லை. விநாடிக் கணக்கில் முடிவெடுக்கும் வேலைக்கு ஒப்பிட வேண்டுமானால் விமானக் கட்டுப்பாட்டாளர்களைப் பார்க்கலாம்: அமெரிக்காவில் அவர்களுக்குக் கட்டாய ஓய்வு வயது 56.

விமானப் பணிப்பெண்களுக்கும் இதே வயதா?

இல்லை. பணிக்குழுவினருக்குப் பன்னாட்டு மேல்வரம்பு எதுவும் கிடையாது, நிறுவன விதிதான். அவர்களுடைய ஓய்வு வயது வழக்குகளின் வரலாறு முற்றிலும் வேறு. ஏர் இந்தியாவில் முதல் கர்ப்பத்தோடு வேலை முடிந்தது என்று இருந்த விதியை உச்ச நீதிமன்றம் 1981இல்தான் ரத்து செய்தது. அதைப் பாதுகாப்பு விவாதத்தோடு கலக்கக் கூடாது.

வருங்காலத்தில் கம்ப்யூட்டரே ஓட்டும் என்கிறார்கள். அப்போது வயது ஒரு பொருட்டா?

இன்றைய திட்டங்கள் எதிர்த்திசையில் இழுக்கின்றன. நீண்ட பயணத்தில் ஒருவர் தூங்க, ஒருவர் மட்டும் விமானி அறையில் இருக்கலாமா என்று ஐரோப்பாவில் ஆராய்ந்தார்கள். இப்போதைய கருவிகளைக் கொண்டு இருவர் இருக்கும் அளவுக்குப் பாதுகாப்பை உறுதி செய்ய முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு சதவீத விதியில் ‘மற்றவர் காப்பாற்றிவிடுவார்’ என்ற பகுதியை எடுத்துவிட்டால் கணக்கு நூறு மடங்கு மோசமாகும். ஒரே விமானி ஓட்டும் வணிக விமானத்துக்கு இன்றும் 60தான் வரம்பு என்பதை முதல் பதிலில் பார்த்தோம். இரண்டாவது ஆளைக் குறைக்க விரும்பும் தொழிலால் ஓய்வு வயதையும் சேர்த்து உயர்த்த முடியாது.

இகாவோவே 67 ஆக்கப் போகிறதாமே?

விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா 2025இல் மான்ட்ரியலில் நடந்த இகாவோ பேரவையில் அப்படி ஒரு முன்மொழிவை வைத்தது. ஒருவர் 65ஐத் தாண்டியிருந்தால் மற்றவர் 65க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற, 2006ஐ நினைவூட்டும் நிபந்தனையோடு. பேரவை அதை ஏற்கவில்லை. 65 என்றைக்கும் நிலைக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 60இலிருந்து 65க்கு வந்த பாதையும் இப்படி மறுப்புகளைத் தாண்டித்தான் வந்தது. மாற்றம் வந்தால் அது இகாவோ வழியாக, எல்லா நாடுகளுக்கும் ஒன்றாக வர வேண்டும் என்பதே என் நிலை. ஒரு நாடு முந்திக்கொண்டால் கிறிஸ்டிக்கு நேர்ந்ததுதான் அங்குள்ள மூத்த விமானிகளுக்கும் நேரும்.

எனக்கு இப்போது 37 வயது. இனிமேல் பயிற்சியில் சேர்ந்தால் கடனை அடைக்க முடியுமா?

65ஐ வைத்தே கணக்குப் போடுங்கள். 67 வரும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம். பயிற்சிக்கும் உரிமத்துக்கும் குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதிக்கும், பிறகு வேலை கிடைக்கும் காத்திருப்புக்கும் சேர்த்து மூன்று நான்கு ஆண்டுகள் போகும் என்று வைத்தால், உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 24 ஆண்டுகள். அதில் முதல் சில ஆண்டுகள் துணை விமானிச் சம்பளம். சேரப்போகும் நிறுவனத்தின் பணி விதியில் ஓய்வு வயது 60ஆ 65ஆ என்பதை எழுத்தில் பாருங்கள். மூன்றாம் கேள்வியில் சொன்ன வேறுபாடு உங்களுக்கு ஐந்து ஆண்டுச் சம்பளம்.

அதைவிட முக்கியம், பணம் கட்டுவதற்கு முன்பே முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுவது. 37 வயதில் சேர்பவரின் தொழில் 65ஐத் தொடும் முன்பே சர்க்கரை நோயாலோ ரத்த அழுத்தத்தாலோ தடைபடலாம். உரிமம் இழப்புக்கான காப்பீடு உண்டு. வயது கூடக் கூட அதன் தவணையும் கூடும் என்பதால் அதையும் கடன் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.